புது மேனேஜர் மேல் பெட்டிஷன்: கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மணலி பக்கம், உலோகத் தகட்டை மெஷினில் அழுத்திப் பாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறீர்கள். பல வருடம் இருந்த ஃபேக்டரி மேனேஜர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், புதியவர் வந்து நான்கு மாதம் ஆகிறது. பழையவர் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் வருவார், அவசரம் என்றால் அட்வான்ஸ் கொடுப்பார். புதியவர் வணக்கம் சொன்னால் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. ஷாப் ஃப்ளோரில் எல்லார் முன்னாலும் சத்தம் போடுகிறார். டீ நேரத்தைக் குறைத்தார், ஓரிரு மணி நேரம் வெளியே போய்வரும் பர்மிஷனை நிறுத்தினார், அட்வான்ஸ் கேட்டால் ஹெட் ஆபீஸைக் கை காட்டுகிறார். பிரஸ் மெஷினில் ஒரு பட்டனைக் கட்டிவைத்து ஓட்டிய ஆபரேட்டரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு தடவை, "இந்த ஏரியா ஆளுங்களே இப்படித்தான்" என்று சொன்னார். இதையெல்லாம் சேர்த்து ஒன்பது குறைகளாக எழுதி ஹெட் ஆபீஸுக்கு பெட்டிஷன் தயார் செய்திருக்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது கடைசி வரியில் நீங்களே எழுதியிருக்கும் சந்தேகம்தான் என்று தோன்றுகிறது: இந்த ஆள் நிஜமாகவே மோசமா, இல்லை பழையவர் ஞாபகத்திலேயே நாம் இவரைப் பார்க்கிறோமா? அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். கையெழுத்து விஷயம் அதற்குப் பிறகு.

திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பர்சனல் டிபார்ட்மென்டில் கால் நூற்றாண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். எச்.ஆர். என்று பெயர் மாறியதெல்லாம் என் பாதி சர்வீஸுக்குப் பிறகுதான். மேனேஜர் மாறும் சமயத்தில் இரண்டு பக்கத்துப் புகாரும் எங்கள் மேஜைக்குத்தான் வரும். உங்கள் மேனேஜரை நான் பார்த்ததில்லை, அவர் தரப்பு எனக்குத் தெரியாது. அதனால் அவர் நல்லவரா கெட்டவரா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதை வைத்துப் பார்க்கலாம், எதை வைத்துப் பார்க்கக் கூடாது என்று மட்டும் சொல்ல முடியும்.

முதலில், நீங்கள் பல வருடத்தையும் நான்கு மாதத்தையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். பழையவரும் வந்த புதிதில் எப்படி இருந்தார் என்று ஷாப்பில் மூத்த ஆள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் பேச்சே கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். பழையவர் "டேய்" என்று கூப்பிட்டிருப்பார், அதை உரிமை என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இவர் அதையே சொன்னால் திமிர். சமூக உளவியலில் எட்வின் ஹாலண்டர் என்பவர் 1958-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு குழுவில் ஒருவர் உழைப்பாலும் ஒத்துப்போவதாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு இருப்பைச் சேர்க்கிறார், பிறகு வழக்கத்தை மீறும்போது அதிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறார் என்பது அவர் வாதம். உங்கள் புது மேனேஜருக்கு இருப்பு எதுவும் இல்லை. அவர் செய்வதெல்லாம் கடனில்தான் ஓடுகிறது. இது அவருடைய குணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பற்றித்தான் சொல்கிறது.

அந்த நாற்காலியைப் பற்றி ஆழமாகப் பார்த்தவர் ஆல்வின் கூல்ட்னர் என்ற அமெரிக்க சமூகவியலாளர். 1954-ல் அவருடைய ஆய்வு வெளிவந்தது. ஜிப்சம் தோண்டி எடுத்து அதிலிருந்து பலகை செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே பழைய மேனேஜர் காலத்தில் எல்லாம் தாராளம். வீட்டு ரிப்பேருக்குப் பலகை வேண்டுமா, எடுத்துப் போகலாம். தப்புச் செய்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு. வேலை முடிந்துவிட்டால் சும்மா விரட்ட மாட்டார்கள். பிறகு உற்பத்தியை ஏற்றச் சொல்லித் தலைமை அலுவலகம் ஒரு புது ஆளை அனுப்பியது. அவருக்கு உள்ளே ஒருவரையும் தெரியாது. பழையவருக்கு ஒரு வார்த்தையில் நடந்த காரியம் இவருக்கு நடக்கவில்லை. அதனால் விதிப் புத்தகத்தைத் தூக்கினார், அறிக்கை கேட்டார், முக்கியமான இடங்களில் தனக்கு வேண்டிய ஆட்களைக் கொண்டுவந்தார். ஆட்களுக்குப் பழைய காலம் பொற்காலமாகத் தெரிய ஆரம்பித்தது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான். புதிதாக வருகிறவரின் கறாரில் ஒரு பங்கு, உள்ளே ஆள் இல்லாத தனிமையில் பிறக்கிறது. எவ்வளவு பங்கு என்று அளக்க முடியாது. அதுவும் எழுபது வருடத்துக்கு முந்தைய, ஒரே ஒரு அமெரிக்கத் தொழிற்சாலை. அப்படியே மணலிக்குப் பொருத்த முடியாது. ஆனால் இந்த வட்டாரத்தில் நான் பார்த்த மேனேஜர் மாற்றங்கள் பலவும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போயின.

பிரியமான பழைய மேனேஜரைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், இது யாருக்கும் பிடிக்காத பகுதி. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு மேனேஜர் இருந்தார். பெயரும் கம்பெனியும் வேண்டாம். ஆட்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றைக்கூட விட மாட்டார். காசிமேட்டில் மஞ்சள் நீராட்டு, தண்டையார்பேட்டையில் புதுமனை புகுவிழா, எங்கே என்றாலும் மொய்க் கவரோடு நிற்பார். அவர் ரிட்டயர் ஆனபோது ஆட்கள் அழுதார்கள், நடிப்பு ஒன்றும் இல்லை. அடுத்து வந்தவர் முதல் நாள் மாலையை வாங்கி ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு, "கான்ட்ராக்ட் லேபர் டாய்லெட் எங்கே?" என்று கேட்டார். கூட்டிப் போனோம். நான்கு கதவில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு கம்பியைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். பெண்களும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். கான்ட்ராக்டரை அங்கேயே, எல்லார் முன்னாலும், கேட்கக் கூசும் அளவுக்குக் கிழித்தார். ஆட்களுக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. "வந்ததும் வராததுமா எகிறுறான்" என்று சாயங்காலமே பேச்சு. தாழ்ப்பாள் மறு வாரம் வந்ததை யாரும் பேசவில்லை. பழையவர் அந்தக் கதவுகளைத் தாண்டித்தான் தினமும் காரை நிறுத்தினார்.

இதை வைத்து, சத்தம் போடுகிறவர்கள் எல்லாம் உள்ளுக்குள் தங்கம் என்று சொல்ல வரவில்லை. அது நம் சினிமா பழக்கிவிட்ட ஆசை. சத்தம் போட்டு ஒன்றும் செய்யாத ஆட்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவர் யார் மேல் பாய்கிறார் என்று பாருங்கள். அந்த மனிதர் கான்ட்ராக்டர் மேல் பாய்ந்தார், ஹெட் ஆபீஸ் பர்ச்சேஸ் ஆள் வந்தாலும் அதே குரல்தான். மேலே உள்ளவர் முன்னால் கூனிக் கும்பிட்டு, ஹெல்பர் பையன் முன்னால் மட்டும் சிங்கமாகிற ஆள் வேறு வகை. உங்கள் மேனேஜர் கஸ்டமர் ஆடிட் நாளில் எப்படிப் பேசுகிறார், ஜி.எம். வந்தால் எப்படி நிற்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இப்போது அந்தப் பட்டன் விஷயம். உங்கள் பெட்டிஷனில் இது மூன்றாவது குறையாக இருக்கிறது. தயவுசெய்து எடுக்கச் சொல்லுங்கள். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் தள்ளித் தள்ளி வைத்திருப்பது, இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் என்ற கனமான மேல்பாகம் இறங்க வேண்டும் என்பதற்காக. இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள், அதாவது அச்சுக்குள், கை இருக்காது. ஒரு பட்டனை சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு கையால் ஓட்டலாம், மறு கையால் பீஸ் எடுக்கலாம், ஷிப்டுக்கு எண்ணிக்கை ஏறும், இன்சென்டிவ் வரும். விரலும் போகும். இரண்டு விரல் இல்லாமல் ஓய்வு பெற்றவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஆபத்தான இயந்திர பாகத்துக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே சொல்லப்பட்டது. கட்டிவைத்தது பழையவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்தும் விட்டார் என்றால், அவருடைய நல்ல பெயரில் ஒரு பங்கை ஆபரேட்டர்களின் கையை வைத்து வாங்கியிருக்கிறார். கடுமையாகத்தான் சொல்கிறேன், வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. புதியவர் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிய விதம் சரியா என்பது தனிக் கேள்வி. விளக்கம் கேட்காமல், எழுத்தில் எதுவும் கொடுக்காமல், சம்பளத்தைப் பிடித்திருந்தால் தப்பு. நிறுத்தியது சரி.

கூல்ட்னரிடம் இதற்கும் ஒன்று இருக்கிறது. அந்தத் தொழிற்சாலையில் புகைபிடிக்கக் கூடாது என்ற விதி வெளியிலிருந்து வந்தது, காப்பீட்டுக்காக. தொழிலாளியும் மதிக்கவில்லை, மேலாளரும் வற்புறுத்தவில்லை. பாதுகாப்பு விதிகளை இரு தரப்பும் பெரும்பாலும் தமதாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு தரப்பு இன்னொரு தரப்பைத் தண்டிக்க மட்டும் பிடித்துக்கொண்ட விதிகள் மூன்றாவது வகை, சண்டை அங்கேதான் வந்தது. உங்கள் ஒன்பது குறைகளையும் இந்த மூன்று வகையில் போட்டுப் பாருங்கள். பர்மிஷன் நிறுத்தம், எனக்குத் தெரிந்தவரை, மூன்றாவது வகையில் விழுகிறது. குழந்தைக்கு ஜுரம் என்று ஒரு மணி நேரம் கேட்பவருக்கு அரை நாள் வெட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

டீ நேரத்துக்கு வேறு கோணம் உண்டு. வேலை நேரம், இடைவேளை, வழக்கமாக இருந்துவரும் சலுகை போன்றவற்றைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்ற வேண்டும் என்றால் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவு இதைச் சொன்னது, அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2020-ஆம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த 21 நாள் இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் ஒன்றும் ஒட்டாமல் மறுநாளே குறைத்தார் என்றால், பேசுவதற்கு வலுவான இடம் இது. அவருடைய குணத்தை இழுக்கவே தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: இந்தப் பாதுகாப்பு தொழிலாளருக்கு. மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவரை 2020 தொகுப்பு அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்பது உங்கள் சம்பளத்தையும், நிஜத்தில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. கையெழுத்துக்கு முன்னால் ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த "ஏரியா" பேச்சு. இதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. வட சென்னை என்றாலே ஒரு மாதிரி பார்ப்பது புதிதல்ல, ஆனால் நம் பையன்கள் அதை இன்டர்வியூவில் ஒரு தடவை, பெண் பார்க்கப் போகும் வீட்டில் ஒரு தடவை என்று வாழ்க்கை முழுக்கக் கேட்கிறார்கள். மேனேஜர் வாயிலிருந்தும் கேட்க வேண்டியதில்லை. பட்டனைக் கட்டினாய் என்று திட்டுவது செயலைத் திட்டுவது, அந்தத் தப்பைத் திருத்திக்கொள்ளலாம். பிறந்த இடத்தைத் திருத்த முடியாது. கறாருக்கும் அவமதிப்புக்கும் நடுவில் நான் போடும் கோடு இதுதான். பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பிறர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம், நிர்வாகப் பாணி என்று யாரும் பூசி மெழுக முடியாது. பெரம்பூரில் 1918-ல் பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய காலத்தில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பதும் இருந்தது, மேற்பார்வையாளர்கள் நடத்தும் விதமும் இருந்தது. நேரமும் வேண்டும், மரியாதையும் வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்ட ஊர் இது. நீங்களும் தனித்தனியாகவே கேளுங்கள்.

நான் அதிகம் நம்பும் சோதனை ஒன்று உண்டு: கெட்ட செய்தி அவரிடம் எவ்வளவு சீக்கிரம் போகிறது? டை உடைந்தால், ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆனால், உங்கள் ஆட்கள் உடனே போய்ச் சொல்கிறார்களா, ஷிப்ட் முடிகிறவரை மறைத்து அடுத்த ஷிப்ட் தலையில் கட்டுகிறார்களா? ஏமி எட்மண்ட்ஸன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகள் சிலவற்றில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் பதிவான தவறுகள் அதிகமாக இருந்தன. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள் என்பது அவர் தந்த விளக்கம். சிறிய ஆய்வுதான், ஆனால் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. இன்னொரு இடத்தில், சத்தத்துக்குப் பேர்போன ஒரு மேனேஜர் காலத்தில் விபத்துப் பதிவேடு மாதக்கணக்கில் வெள்ளையாக இருந்தது. ஹெட் ஆபீஸில் பாராட்டு. விரல் நசுங்கினால் ஆட்டோவில் தனியார் கிளினிக்குக் கூட்டிப்போய் தையல் போட்டு, கையில் காசு கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதிவு இல்லாததால் அந்த ஆட்கள் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் காயத்துக்கான தற்காலிக ஊனப் பலனை, அதாவது ஊதியத்தில் 90 சதவீதத்தை, வாங்க முடியாமல் போனது. நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகையும் சிக்கலானது. பயம் அங்கே வேலை செய்தது, வெள்ளைப் பக்கமாக. உங்கள் ஷாப்பில் இந்த நான்கு மாதத்தில் பதிவேட்டில் சின்னக் காயங்கள் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா? கூடியிருந்தால் அவசரப்பட்டு அவரைக் குறை சொல்லாதீர்கள். முன்பு எழுதாததை இப்போது எழுதுகிறார்களா என்று பாருங்கள்.

உற்பத்தி எண்ணிக்கையை வைத்து எடைபோடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. முதல் சில மாத ரிஜெக்‌ஷனும் டெலிவரியும் பெரும்பாலும் பழையவர் விட்டுப்போன டை, மெயின்டனன்ஸ், ஆர்டர் இவற்றின் பலன்தான். நிலைமை மோசமாக இருந்தபோது ஆள் மாறியிருந்தால், கொஞ்ச நாளில் தானாகவே சற்றுத் தேறும், பெயர் புதியவருக்குப் போகும். கால்பந்தில் கோச்சை மாற்றியதும் அணி ஜெயிக்கத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மாற்றாத அணிகளும் அதே மாதிரி சரிவிலிருந்து மீள்கின்றன என்று ஐரோப்பிய லீக்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன.

நான்கு மாதம் போதுமா? ஹார்வர்டில் இருந்த ஜான் கபாரோ புது மேலாளர்களைத் தொடர்ந்து கவனித்து எழுதியபோது, முதல் மூன்று முதல் ஆறு மாதத்தை இடத்தைப் பிடிக்கும் கட்டம் என்றார். கண்ணில் பட்டதையெல்லாம் திருத்தும் காலம் அது. பிறகு கொஞ்சம் அடங்கி, ஆழமாகக் கற்கும் காலம் வருகிறது. அந்தக் கணக்கில் உங்கள் ஆள் இன்னும் முதல் கட்டத்தில்தான். ஆனால் கபாரோவே இன்னொன்றும் சொன்னார்: தோற்றுப்போன மேலாளர்களிடம் எடுப்பாகத் தெரிந்த குறை, ஒரு வருடம் ஆகியும் தனக்குக் கீழே உள்ள முக்கியமான ஆட்களோடு ஒரு நல்ல வேலை உறவு உருவாகாமல் இருந்ததுதான். அந்த முக்கியமான ஆட்களில் நீங்களும் ஒருவர். ஆகவே உங்கள் மேனேஜருடைய பேச்சு முறையைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க மாட்டேன்.

சரி, கையெழுத்து. ஒன்பது குறையோடு, "பழைய சார் இருந்தபோது" என்று தொடங்கும் பெட்டிஷனில் போடாதீர்கள். ஹெட் ஆபீஸில் அதைப் படிக்கிறவர் பட்டன் வரியைப் பார்த்ததும் மீதியைப் படிக்க மாட்டார், ஒழுங்கு பிடிக்காத ஆட்கள் என்று முடிவு கட்டிவிடுவார். அதற்கு முன்னால் ஒரு தடவை தனியாகப் போய் மேனேஜரைப் பாருங்கள். ஷிப்ட் மாறும் பரபரப்பில் வேண்டாம், காலை பத்தரை வாக்கில் போங்கள். கூட யாரும் வேண்டாம். "சார், ஆளுங்க முன்னால என்னைச் சத்தம் போட்டா, அப்புறம் நான் சொல்றதை அவங்க கேக்க மாட்டாங்க. கேபினுக்குக் கூப்பிட்டு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பழையவர் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். இதைக் கேட்டு முறைத்துவிட்டு, ஆனால் அடுத்த வாரம் கேபினுக்குக் கூப்பிடுகிற ஆளாக இருந்தால் அவரோடு வேலை பார்க்கலாம். மறுநாள் ஷாப் ஃப்ளோரில் இதையே சொல்லிக் காட்டிக் கேலி செய்தால், காத்திருந்து பார்க்க ஒன்றும் இல்லை. அப்படியானால் பெட்டிஷனைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்: முன்னறிவிப்பு இல்லாமல் குறைத்த டீ நேரம், பர்மிஷன், அந்த ஏரியா பேச்சு. மூன்றுக்கும் தேதி, நேரம், அருகில் இருந்தவர் பெயர். அட்வான்ஸை விட்டுவிடுங்கள், அது அநேகமாக ஹெட் ஆபீஸ் முடிவாகவே இருக்கும். அவர்களிடமே அதைப் புகாராகக் கொடுப்பதில் பயனில்லை. இந்த மூன்றோடு நிற்கும் தாள் வந்தால், வக்கீலும் சரி என்று சொன்னால், போடுங்கள். முதல் கையெழுத்தாக வேண்டாம், சர்வீஸில் மூத்தவர்கள் போட்ட பிறகு போடுங்கள். நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.